இடது முன்சக்கரம்

பதினேழாம் நம்பர் ஸ்பானர் பறந்துபோய்த் தகரக் கதவில் மோதி விழுந்தது. வெளியே பைபாஸில் போய்க்கொண்டிருந்த ஸ்கூட்டர்காரர் ஒருவர் காலை ஊன்றி நின்று, எட்டிப் பார்த்து, நமக்கெதற்கு என்று கிளம்பிப் போனார்.

"யாரு மண்டையத் தேடி வந்துச்சு அது?" ஸ்பானரைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தார் ஷெட்டில் ஒத்தாசைக்கு இருக்கும் ரோச். லேஞ்சியை எடுத்துக் கழுத்து வேர்வையைத் துடைத்தார்.

"உங்க மண்டைய இல்ல, வாங்க" என்றாள் முருகேஸ்வரி.

"அப்ப சரி. டயாஃப்ரம் தேடி நாமக்கல் வரைக்கும் போயிட்டு வந்தவன் மண்டைய உடைச்சா, பனிமய மாதாவே உன்னை மன்னிக்க மாட்டா மேஸ்திரி."

"டயாஃப்ரம் நல்லாத்தான் இருக்கு. காத்துதான் வரமாட்டேங்குது. மூணு சக்கரத்துக்கு ஜம்முன்னு போகுது. இடது முன்சக்கரத்துக்கு மட்டும் ஒரு பொட்டுக் காத்து கிடையாது."

முருகேஸ்வரிக்கு நாற்பது வயது. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்தபோது வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். தூத்துக்குடி மடத்தூர் விலக்கில் சொந்த ஒர்க்‌ஷாப் போட்டுப் பதினோரு வருஷம். 'பொம்பள லாரிக்கு அடியில படுக்காளாம்' என்று பல்லைக் காட்டிய டிரைவர்கள் பிறகு காலையிலேயே வந்து வரிசையில் நின்றார்கள்.

நான்கு மாதமாக வரிசையில் யாரும் இல்லை. ஷெட் முழுவதையும் ஒரே லாரி பிடித்துக்கொண்டிருந்தது.

அறுபத்தொன்பது மாடல் லேலண்ட். நம்பர் 4417. மூக்கே கிடையாது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பானட் இல்லாமல், என்ஜின் தலைமேலேயே கேபினைத் தூக்கி உட்கார வைத்த ஜாதி. சுவரில் போய் மோதி முகம் சப்பிப்போன மாதிரி இருக்கும். டிரைவர் சீட்டுக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவில்தான் என்ஜின். அதை மூடிய இரும்புக் கூடு தோசைக்கல் மாதிரி கொதிக்கும். தூக்குச்சட்டியை அதன்மேல் வைத்தால் மத்தியானம் சுடச்சுடச் சாப்பிடலாம்.

கடல்வேந்தன் டிரான்ஸ்போர்ட்டின் முதல் லாரி அது. இன்று அந்தக் கம்பெனிக்கு ஹார்பரில் முந்நூறு டிரெய்லர் ஓடுகிறது. முதலாளி ராஜபாண்டிக்கு எழுபத்தெட்டு வயது. ஐம்பத்தைந்தாம் ஆண்டு விழாவில் அப்பாவை அசத்த வேண்டும் என்று மகன் செந்தில்முருகன் யாருக்கும் தெரியாமல் செய்த ஏற்பாடு இது. உப்புக் கிட்டங்கியின் பின்னால் இருபத்தைந்து வருஷமாகத் துருப்பிடித்துக் கிடந்த வண்டியை டிரெய்லரில் ஏற்றி அனுப்பிவிட்டு, போனில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்க்கா. ஒரு ஆணிகூட மாறக் கூடாது."

ஆணி கிடைப்பது அவ்வளவு லேசா? இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வருவது நின்று எத்தனையோ காலம். ரோச்தான் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். இடது கதவு கீழவைப்பாரில் கிடைத்தது. வலை வைக்கிற கொட்டகைக்கு ஒருவர் அதைத்தான் கதவாக மாட்டியிருந்தார். முன்பக்கக் கிரில் ஆதிச்சநல்லூர் போகிற வழியில் ஒரு டீக்கடையின் ஜன்னலில் இருந்தது. 'ஜன்னலைக் கழட்டினா காக்கா வடையத் தூக்கிரும்லா?' என்று மறுத்த கடைக்காரருக்குப் புது ஜன்னல் வைத்துக் கொடுத்து வாங்கி வந்தார். வைப்பர் மோட்டார் காயல்பட்டினத்தில், துபாயில் இருக்கும் ஒருவர் வீட்டு மச்சில், பிரிக்காத அட்டைப்பெட்டியில்.

கடைசிப் பாக்கி, நான்கு பிரேக் டயாஃப்ரம். பிரேக்கை மிதித்தால் காற்று வந்து தள்ளுகிற ரப்பர் தட்டு. அதுவும் வந்து மாட்டியாகிவிட்டது.

ஆனால் ஒரு சக்கரம் மட்டும் செத்துக் கிடந்தது.

"குழாய்ல துரு அடைச்சிருக்கும்" என்றார் ரோச்.

"செம்புக் குழாய்ல என்ன துரு?"

அவள் மறுபடியும் வண்டிக்கு அடியில் போனாள். சேசிஸில் குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு யூனியன் நட். உப்புக் காற்று தின்று, நட்டும் குழாயும் ஒரே கட்டியாக இருந்தது. கேஸ் டார்ச்சை வைத்துச் சுட்டாள். ஸ்பானரைப் போட்டுக் காலால் உதைத்தாள். மூன்றாவது உதைக்கு நட் முனகிக்கொண்டு திரும்பியது.

டிங்.

சிமெண்டுத் தரையில் ஏதோ விழுந்து உருண்டு ரோச்சின் செருப்பில் முட்டி நின்றது.

ரோச் எடுத்துப் பார்த்தார். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நாலணா. காண்டாமிருகம் போட்ட பழைய இருபத்தைந்து பைசா. சுற்றிலும் அத்தனையும் துருவாக உதிர்ந்திருக்க, அது மட்டும் பளபளவென்று இருந்தது. நட்டுக்குள் கச்சிதமாக உட்கார வேண்டுமென்று ஓரத்தை அரம் போட்டு ராவியிருந்தார்கள்.

ரோச் சிலுவை போட்டுக்கொண்டார். "மேஸ்திரி... இது உங்க அப்பா வண்டிலா?"

முருகேஸ்வரி வண்டிக்கு அடியிலேயே கிடந்தாள். 

*

நாலணா வைத்த கதை லாரித் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஒரு சக்கரத்தின் டயாஃப்ரம் கிழிந்தால் மொத்தக் காற்றும் அந்த வழியாக ஓடிப்போகும். எந்தச் சக்கரமும் பிடிக்காது. நடுக்காட்டில் ஸ்பேர் கிடைக்காது. அப்போது அந்தச் சக்கரத்துக்குப் போகும் குழாயில் ஒரு காசை வைத்து அடைத்துவிட்டு, மீதி மூன்று சக்கரத்தை நம்பி, காலி வண்டியாக, உருட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்வார்கள். அவ்வளவுதான் அதற்கு உரிமை. சரக்கு ஏற்றி, வேகம் பிடித்து, திடீரென்று பிரேக்கை மிதித்தால், முன்னால் ஒரு சக்கரம் கவ்வும்; மற்றது சும்மா உருளும். கவ்வின பக்கம் வண்டி பாயும்.

இடதில் காசு இருந்தால், வலது பக்கம்.

1999, மே மாதம். வெள்ளத்துரை ஹார்பர் ரோட்டில் பத்து டன் உப்போடு போனார். முருகேஸ்வரியின் அப்பா. குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. பிரேக்கை மிதித்தார். சைக்கிள்காரன் தப்பித்தான். லாரி நேர் ரோட்டில் வலது பக்கம் பாய்ந்து, அடிகுழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த உப்பளத் தொழிலாளி சண்முகத்தாய் மேல் ஏறி நின்றது.

நேர் ரோட்டில் வலது பக்கம் ஏன் போச்சு?

குடி.

கேபினில் ஏறிப் பார்த்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கள் நாற்றம். வெள்ளத்துரையின் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வண்டியைச் சோதிக்க வந்தவர் கேஜைப் பார்த்தார், காற்று நிறைய இருந்தது. பெடலை மிதித்தார், கல்லு மாதிரி இருந்தது. குழாயை அடைத்துவிட்டால் கசிவு ஏது? அவர் கண்ணுக்குப் பிரேக் சரி. 'பிரேக் சரியாக உள்ளது' என்று எழுதினார். வெள்ளத்துரைக்கு இரண்டு வருஷம். லைசென்ஸ் போனது. வெளியே வந்தபின் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இருபது வருஷம் மண்டியில் வாழைத்தார் சுமந்தார்.

அந்த நாற்றம் கள் இல்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். அது பதநீர். அன்று காலையில் அதைக் கேனில் பிடித்தவள் பதினைந்து வயது முருகேஸ்வரி. 'சுண்ணாம்பு கம்மியா இருக்கு, சீக்கிரம் குடிச்சிரணும்' என்று பனையேறி சொன்னதை அப்பாவிடம் சொல்ல மறந்தவளும் அவள்தான். கேனைக் கொண்டுபோய் எங்கே வைத்தாள்? கொதிக்கிற என்ஜின் கூட்டின் மேல். பத்து மணிக்குள் புளித்து நுரைத்துவிட்டது. அப்பா அதைப் பாதி குடித்திருந்தார்.

புளித்த பதநீர் கள்ளுக்குத் தம்பி. அது அப்பாவின் தலைக்கு ஏறிவிட்டது, நாம்தான் ஏற்றினோம். இருபத்தைந்து வருஷமாக அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள். அந்த நினைப்பை யாரிடமும் சொன்னதும் இல்லை. இந்த வண்டி வேலைக்கு வருகிறது என்று தெரிந்தபோது அவள் மாட்டேன் என்று சொல்லாததற்கும் அதுதான் காரணம். ஒரு தடவை அந்த என்ஜின் கூட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

இப்போது அவள் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். முகமெல்லாம் கருப்புக் கிரீஸ்.

"அடைச்சு வெச்சு அனுப்பிருக்கானுவ" என்றாள். "பத்து டன் ஏத்தி, அடைச்சு வெச்சு அனுப்பிருக்கானுவ."

பிறகு அவள் சொன்ன வார்த்தைகளைப் பத்திரிகையில் போட முடியாது. ஹார்பரில் இருபது வருஷம் வேலை பார்த்த ரோச்சுக்கே அதில் இரண்டு புதிது.

*

வீடு ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால். வண்டி வந்த நாளிலிருந்து வெள்ளத்துரை முன்வாசல் வழியாக நடப்பதில்லை. பின்பக்கச் சந்து வழியாகப் போய், ஹோட்டலில் சாப்பிட்டு, சந்து வழியாகவே வருவார். 'அந்தச் சனியன் இங்கன நிக்கிற வரைக்கும் உன் கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்' என்று ஜனவரியில் சொன்னவர், சொன்னபடி இருந்தார்.

குழாயடியில் துண்டு துவைத்துக்கொண்டிருந்தவர் முன்னால் அவள் கையை நீட்டினாள்.

"அப்பா, இதைப் பாருங்க."

பார்த்தார். தொடவில்லை.

"எங்கன இருந்துச்சு?"

"இடது முன்சக்கர லைன்ல. யூனியனுக்குள்ள."

துண்டைப் பிழிந்தார். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார்.

"கோர்ட்டுல நான் என்ன சொன்னேன்?"

"அப்பா..."

"சொல்லுளா. என்ன சொன்னேன்?"

"பிரேக்கை மிதிச்சதும் வண்டி ஸ்டியரிங்கைப் புடுங்கிட்டு வலது பக்கம் போச்சுன்னு சொன்னீங்க."

"உங்கம்மைட்ட என்ன சொன்னேன்?"

"அதையேதான்."

"அவ சாகுற வரைக்கும் 'அன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இருந்திருக்கலாம்லா'ன்னுட்டே செத்தா. நீ பாளையங்கோட்டை ஜெயிலுக்கு மனு போட்டுப் பாக்க வந்தியே, உன்கிட்ட என்ன சொன்னேன்?"

"அதையேதான்பா."

"நீ என்ன சொன்ன?"

அவளுக்கு ஒரு எழுத்து மறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவிடம், பாவாடை தாவணியில், பதநீர்க் கேனைப் பற்றி மூச்சுவிடாமல், பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள்: 'சரி விடுங்கப்பா. இனிமே குடிக்காதீங்க.'

இப்போது அதைச் சொல்ல வாய் வரவில்லை. அவரே சொன்னார். அவள் குரலிலேயே, அதே ராகத்தில் சொன்னார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பெத்த அப்பன் சொன்னா நம்ப மாட்ட. செல்லாத நாலணா சொன்னா நம்புத. போளா."

அவ்வளவுதான். அதன் பிறகு அவர் அவளோடு பேசவில்லை.

*

"போலீசுக்குப் போவோம்" என்றார் ரோச்.

"போயி? 'இவ அப்பனைக் காப்பாத்த இவளே காசை வெச்சு இவளே எடுக்கா'ம்பான். கழட்டினது நான், பாத்தது நீங்க ஒருத்தர். இதை ராவினவன் யாருன்னு தெரியணும் முதல்ல."

அதற்கு அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தொண்ணூற்றொன்பதில் கடல்வேந்தன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த தேவகனி இப்போது பழைய துறைமுகத்துப் பக்கம் பழைய பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். இதே வண்டிக்கு ஹெட்லைட் வளையம் அவர் கடையில்தான் வாங்கினார்கள். எந்த வண்டிக்கு என்று அப்போது அவர் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

கண்ணாடி மேஜைமேல் முருகேஸ்வரி நாலணாவை வைத்தாள். 

தேவகனி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை விரல் நகத்தால் தடவினார். அந்த விரல் நின்றது.

"யாருளா நீ?"

"வெள்ளத்துரை மக."

"ஆண்டவரே."

"அவரை அப்புறம் கூப்பிடலாம் அண்ணாச்சி. இது உங்க அரமா?"

அவர் கடை வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"என் அரந்தான்" என்றார். "டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு, மெட்ராஸ்ல இருந்து வர நாலு நாள் ஆகும்னு மொதலாளிட்ட சொன்னேன். கப்பல் உப்புக்குக் காத்துக் கெடக்குன்னாரு. தன் ஜோப்புல கைய விட்டு இந்தக் காசை அவரே எடுத்துக் குடுத்தாரு. 'இதை வெச்சு அடைல, நாலு நாள் ஓடட்டும்'னாரு."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவன் சாப்பிடப் போயிருந்தான். 'சொல்லாத, சொன்னா வண்டிய எடுக்க மாட்டான்'னாரு. உங்கப்பன் அப்படித்தான். ஒரு நட் லூசா இருந்தாலும் எடுக்க மாட்டான்."

"கோர்ட்டுல இதைச் சொல்லிருக்கலாம்லா?"

"எனக்கு நாலு பிள்ளைக."

"எங்கப்பாவுக்கு ஒண்ணு."

தேவகனி காசை அவள் பக்கம் தள்ளினார்.

"இப்பச் சொல்லுவீங்களா? பிள்ளைகதான் வளந்தாச்சே."

"மாட்டேன்ளா. எழுபத்திமூணு வயசுல என்னை ஸ்டேஷன் வாசல்ல நிறுத்தாத. கடையில வந்து சாபம் விடாத, போயிரு."

"சாபம் எதுக்கு அண்ணாச்சி, வேஸ்ட்டா? ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறீங்கள்லா? அங்க போயி எந்த வாயால ஜெபம் பண்ணுவீங்களோ, அந்த வாயாலதான் இப்ப மாட்டேன்னீங்க. அதை மட்டும் மறந்துராதீங்க."

காசை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது.

"சாட்சியும் போச்சு" என்றார் ரோச்.

"இன்னொருத்தன் இருக்கான்லா?"

"யாரு?"

"ஜோப்புல கைய விட்டவன்."

*

விழா காலை பத்து மணிக்கு, கம்பெனியின் கண்டெய்னர் யார்டில். பந்தல், நாதஸ்வரம், வாழைமரம், ஊர்ப் பெரிய மனிதர்கள். கேட்டில் நீல யூனிபாரத்தில் மந்திரமூர்த்தி நின்றார். செத்துப்போன சண்முகத்தாயின் புருஷன். கேஸ் முடிந்ததும் ராஜபாண்டி அவரைக் கூப்பிட்டு, 'குடிகாரப் பயலால உனக்கு இந்தக் கதி வந்துச்சே' என்று தோளைத் தட்டி வாட்ச்மேன் வேலை கொடுத்தார். இருபத்தைந்து வருஷமாக அவர் முதலாளியின் காருக்கு சல்யூட் அடிக்கிறார். வெள்ளத்துரையை ரோட்டில் பார்த்தால் காறித் துப்புவார். வெள்ளத்துரை துடைத்துக்கொண்டு போவார்.

காலை ஏழு மணிக்கு 4417 உள்ளே நுழைந்தபோது மந்திரமூர்த்தி கேட்டைத் திறந்தார். வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் செத்தது. ஓட்டி வந்தவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதலாளி வீட்டு விசேஷம், என்ன செய்வார்?

பத்தரைக்கு ராஜபாண்டி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நிமிர்ந்த நடை. இன்றும் காரைத் தானே ஓட்டுகிற மனிதர். செந்தில்முருகன் துணியை இழுத்தான். சிவப்பும் மஞ்சளுமாக, புத்தம் புதுசாக, சப்பை மூக்கோடு லாரி சிரித்தது. கைதட்டல் பந்தலைத் தூக்கியது.

ராஜபாண்டி மட்டும் தட்டவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, முதல் நாள் நீங்க ஓட்டின வண்டி. இன்னைக்கும் நீங்கதான் ஓட்டணும். ஏறுங்க!" என்றான் மகன். மைக் அதை யார்டு முழுக்கச் சொன்னது. அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியுமா? ஏறினார். எதிரே நூறடி காலி இடம், அதன் கடைசியில் ரிப்பன். வலது பக்கம் நாற்காலி போட்டு வீட்டுப் பெண்களும் பேரப்பிள்ளைகளும்.

என்ஜின் உறுமியது. முருகேஸ்வரி டிரைவர் கதவுக்குக் கீழே வந்து நின்றாள். கைகள் சுத்தமாக இருந்தன. பத்து வருஷத்தில் முதல் தடவையாக நகத்தில் கிரீஸ் இல்லை.

"மொதலாளி, ஒண்ணு சொல்லணும். சின்னவர் எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்னு சொன்னாரு. அதனால பிரேக் லைன்ல நான் கை வைக்கல. தொண்ணூத்தொம்பது மே மாசம் எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு."

ராஜபாண்டியின் கை கியர் லிவரில் நின்றது. அவளைப் பார்த்தார். ரிப்பனைப் பார்த்தார். பிறகு வலது பக்கம் திரும்பினார். நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்த கடைக்குட்டிப் பேத்தி, தாத்தாவைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

என்ஜின் அணைந்தது. இறங்கினார்.

"வேண்டாம்."

"என்னப்பா? ஏன்?"

"பிரேக் சரியில்ல."

"யாரு சொன்னா? நேத்துகூட நான் பாத்தேன். கேஜ் ஃபுல்லா நிக்குது, பெடல் கல்லு மாதிரி இருக்கு. சும்மா ஓட்டுங்கப்பா!"

"கேஜ்ல தெரியாதுல முட்டாப்பயலே!" கிழவர் கத்தினார். "இடது முன்சக்கரம் புடிக்காது, வலது பக்கம் இழுத்துட்டுப் போயிரும்! பிள்ளைக நிக்கி அங்கன!"

மகன் கையில் இருந்த மைக் அதையும் யார்டு முழுக்கச் சொன்னது.

நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்தார். அதற்குப் பிறகு தூரத்தில் ஒரு கப்பலின் சங்கு மட்டும் கேட்டது.

"இடது முன்சக்கரம்னு நான் சொல்லலையே மொதலாளி" என்றாள் முருகேஸ்வரி. "பிரேக் லைன்னுதான் சொன்னேன். நாலு சக்கரம் இருக்கு. இடது முன்னுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராஜபாண்டி அவளை உற்றுப் பார்த்தார். "நீ... யாரும்மா?"

"நீங்க குடிகாரன்னு சொன்னீங்கள்லா, அந்த வெள்ளத்துரை மக."

பந்தலின் தூணருகே ரோச் நின்றிருந்தார். அவர் கையிலிருந்த போன் ஆடாமல் அசையாமல் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் நாலணாவை எடுத்து நீட்டினாள். "உங்க ஜோப்புல இருந்து வந்தது. திருப்பி வாங்கிக்கோங்க."

அவர் கை எழவில்லை. வேறொரு கை வந்தது. நீல யூனிபாரக் கை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. மந்திரமூர்த்தி காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இதுதானா?"

"இதுதான். இதை வெச்சு அடைச்சு, டிரைவர்ட்ட சொல்லாம பத்து டன் ஏத்தி அனுப்பினாங்க."

மந்திரமூர்த்தி முதலாளியிடம் போனார். முகத்துக்கு நேரே நின்றார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி" என்றார். "காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு. இருபத்தஞ்சு வருசம் உமக்கு சல்யூட் அடிச்சிருக்கேன் வே."

காறினார். துப்பவில்லை. விழுங்கிக்கொண்டார். அது துப்பியதைவிட மோசமாக இருந்தது. தொப்பியைக் கழற்றி, விசிலைக் கழற்றி, ராஜபாண்டியின் வெள்ளைக் காரின்மேல் வைத்தார்.

"செந்திலு, இது பழைய கதை, நான் சொல்லுதேன், உள்ள வா..." என்றார் ராஜபாண்டி. மகன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. மைக்கை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான்.

முருகேஸ்வரி டிரைவர் சீட்டில் ஏறினாள்.

"வண்டிய எங்க கொண்டு போறீங்க?" என்றான் செந்தில்முருகன்.

"ஓட்டினவர் பாக்கணும். அப்புறம் எஸ்.பி. ஆபீசுக்கு. டெலிவரி நோட்டுல நீங்க இன்னும் கையெழுத்துப் போடல, அதுவரைக்கும் வண்டி என் பொறுப்பு, ஞாபகம் இருக்கட்டும்." ஸ்டார்ட் செய்தாள். "பயப்படாதீங்க. பிரேக்கை நான் சரிபண்ணி பத்து நாளாச்சு. உங்கப்பா தைரியமா ஓட்டிருக்கலாம்."

கேட்டைத் திறக்க ஆள் இல்லை. திறக்க வேண்டியவர் கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். இறங்கிப் போய்த் தானே கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி ஏறினார்.

*

 ஹார்பர் ரோட்டில் ஓரிடம் வந்தபோது மந்திரமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடிகுழாய் இப்போது அங்கே இல்லை. முருகேஸ்வரி வேகத்தைக் குறைத்தாள். பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தாள். நடுவே என்ஜின் கூடு கொதித்தது.

மடத்தூர் விலக்கில், ஒர்க்‌ஷாப் வாசலில், வேண்டுமென்றே கடைசி நொடி வரை காலைத் தூக்கவில்லை. பிறகு இரண்டு காலையும் போட்டு மிதித்தாள்.

நான்கு சக்கரமும் சேர்ந்து கவ்வின. டயர் அலறியது. ஸ்டியரிங் அவள் கையில் ஒரு நூல்கூட அசையவில்லை.

அந்தச் சத்தம் கேட்டு வெள்ளத்துரை வந்தார். பின்பக்கச் சந்து வழியாக அல்ல, நான்கு மாதத்தில் முதல் தடவையாக முன்வாசல் வழியாக. அவர் பார்த்தது வண்டியை இல்லை, மகளை இல்லை. ரோட்டைப் பார்த்தார். தாரில் இரண்டு கருப்புக் கோடுகள். குனிந்து பார்த்தார். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தன.

கிளீனர் கதவு திறந்தது. கீழவைப்பார்க் கதவு. மந்திரமூர்த்தி இறங்கி, வெறும் தலையோடு நின்றார். மூடியிருந்த கையைத் திறந்தார். காசு வேர்வையில் நனைந்திருந்தது.

"வெள்ளத்துரை..." என்றார். அதற்கு மேல் ஓடவில்லை. "உன் மூஞ்சில எத்தன வாட்டி..."

"எண்ணல" என்றார் வெள்ளத்துரை. குரலில் ஈரம் கொஞ்சம்கூட இல்லை. "நீ துப்பினதுல ஞாயம் இருந்துச்சு. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன் நீ. உனக்கு அன்னைக்கு யாரு உண்மையச் சொன்னா? உள்ள வா. வெயில்ல நிக்காத."

மந்திரமூர்த்தி உள்ளே போனார். முருகேஸ்வரி கீழே இறங்கி அப்பாவின் முன்னால் நின்றாள். 

"அப்பா, அந்தப் பதநீரு... என்ஜின் மேல நான்தான் வெச்சேன். அது புளிச்சதாலதான்னு நான்..."

"தெரியும்" என்றார். "புளிப்பா இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. குடிச்சேன்."

அவர் கண்கள் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தன. இருபத்தைந்து வருஷத்துத் தீ. ஒரு காலை வெயிலில் அது அணைந்துவிடுமா? அவளைத் தாண்டி, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த பஸ்ஸைப் பார்த்தார்.

"வண்டிய ஓரமாப் போடுளா. ரோட்டை மறிச்சுட்டு நிக்கிற. மெக்கானிக்காம் மெக்கானிக்கு."

பத்து நாளில் அவர் அவளைத் திட்டிய முதல் திட்டு அது. சொல்லிவிட்டு உள்ளே போய்விடவில்லை. வாசலிலேயே நின்று, அவள் வண்டியை எப்படி ஓரம் கட்டுகிறாள் என்று கறாராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.